சியோலுக்குப் போகும் அண்ணன் மகளுக்கு

கருமத்தம்பட்டி,
ஆடி மாதம்

அம்மிணி,

ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த சேதியை உங்கப்பா நால்ரோட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். தறிக் குடோன் சத்தத்திலேயே வளர்ந்து, அதே நூலையும் இழையையும் பெரிய அளவில் படிக்க சியோலுக்குப் போகிறாய். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. நீயோ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அத்தை, அங்கே கொரியன் பார்பிக்யூ எங்கே நல்லா இருக்கும்? ஒரு லிஸ்ட் அனுப்புங்க."

கடைப் பெயர், தெருப் பெயரெல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேசை நடுவில் அடுப்பை வைத்துச் சுட்டுத் தின்கிற அந்தச் சாப்பாடு தனியாளுக்கு ஆனதே அல்ல. பெரும்பாலான கடைகளில் முதல் ஆர்டரே இரண்டு பேர் அளவுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஒருத்தியாகப் போய் உட்கார்ந்தால் இரண்டு பங்குக்கும் நீதான் காசு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒற்றை ஆளுக்கென்று சின்ன அடுப்பு வைத்த கடைகள் இப்போது வந்திருக்கின்றன. அவசரத்துக்கு ஆகும். ஆகவே எந்தக் கடை என்று தேடுவதற்கு முன்னால், யாரோடு போகப் போகிறாய் என்பதை யோசி. அங்கே படித்த காலத்தில் நான் பார்த்த நம் பிள்ளைகள் பலர் அறையில் குக்கரில் சோறு வைத்து, ஊரிலிருந்து வந்த பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து தின்றே வருடங்களை ஓட்டினார்கள். டாக்டர் பட்டம் வாங்கினார்கள், சரி. ஆனால் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் போகாமல், உரிமையோடு போன் செய்யக் கொரியர் ஒருவரும் இல்லாமல் திரும்பினார்கள். உனக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் லேபில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பேராசிரியர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போவார். ஹ்வேசிக் என்பார்கள். பாதிக்கு மேல் அது கறிக்கடையாகத்தான் இருக்கும். உனக்குச் செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. புரட்டாசி பிறப்பது அந்த மாதம் நடுவில். நம் வீட்டில் அந்த மாதம் முழுக்க அடுப்பில் கறிச்சட்டி ஏறாது. அப்பத்தாவுக்குக் காரமடை அரங்கநாதர் என்றால் அப்படி. ஆக உன் வரவேற்பு விருந்தும் புரட்டாசியும் மோதிக்கொள்ளத்தான் வாய்ப்பு. விரதம் இருப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். இருப்பதென்றால், லேபில் உனக்கு மூத்த மாணவரிடம் முந்தின நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடு: இந்த மாதம் கறி தின்ன மாட்டேன், ஆனால் கட்டாயம் வருகிறேன் என்று. வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அறையில் படுத்துக்கொள்ளாதே. கறிக்கடையில் சோறு உண்டு, இலைகள் உண்டு. பூண்டும் காளானும் சுட்டுக்கொள்ளலாம், ஒரே அடுப்பு என்பது உனக்குப் பரவாயில்லை என்றால். விரதத்தில் முட்டை சேர்த்துக்கொள்வாய் என்றால், சட்டியில் புசுபுசுவென்று பொங்கி, ஆவியில் வெந்து வருகிற முட்டையும் உண்டு. நீ என்ன தின்றாய் என்பதை யாரும் கணக்கு வைக்கப் போவதில்லை. நீ வந்தாயா என்பதைத்தான் மனதில் வைப்பார்கள்.

மாட்டுக்கறி, பன்றிக்கறி விஷயத்தையும் விமானம் ஏறுவதற்கு முன்பே உனக்குள் முடிவு செய்துகொள். இரண்டும் தின்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற தொனி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. நீ அதை மூட்டை கட்டிக்கொண்டு போகாதே. தின்பதும் தின்னாததும் உன் விருப்பம். தின்னலாம் என்று நீ முடிவெடுத்தால் உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால், தெரியாமல் வாய்க்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது அங்கே லேசான காரியம் இல்லை.

அதற்கு அவர்கள் எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஹங்குல் எழுத்துகள் குறைவு. இங்கேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டு போ. சோ என்றால் மாடு, த்வேஜி என்றால் பன்றி, தக் கோழி, ஓரி வாத்து. பலகையில் வெறுமனே கல்பி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் மாட்டு விலா. த்வேஜி கல்பி என்றால் பன்றி விலா. தக்கல்பி கோழிக்கறி. இதெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. கறி தின்று முடித்த பிறகு கடைசியில் கேட்டு வாங்குகிற ஐஸ் மிதக்கும் குளிர்ந்த நூடுல்ஸ் இருக்கிறதே, நெங்மியொன், அதன் சாறு வழக்கமாக மாட்டெலும்பிலும் கறியிலும் காய்ச்சியது. பார்த்தால் தெரியாது. தொயென்ஜாங் என்கிற புளித்த சோயா விழுதில் வைக்கிற குழம்பிலும் சில கடைகளில் மாட்டுக்கறிச் சீவல் போடுவார்கள்; நெத்திலிக் கருவாட்டுச் சாறு இல்லாத குழம்பு அபூர்வம். கேட்டுவிட்டுத் தின்.

சரி, கடைகள்.

உன் பல்கலைக்கழகம் இருப்பது நகரத்தின் கிழக்குப் பக்கம், வாங்சிம்னிக்கு ஒட்டி. அங்கிருந்து ஐந்தாம் நம்பர் மெட்ரோவில் அடுத்த நிலையம் மாஜாங். சியோலுக்கே கறி போகிற பெரிய இறைச்சிச் சந்தை அங்கேதான், சோங்க்யேச்சொன் ஓடைக்கருகே. 1960-களில் நகரத்தின் கசாப்புக்கூடம் அந்தப் பக்கம் வந்தது; பின்னால் அது மூடப்பட்டுவிட்டது, சுற்றி முளைத்த கறிக்கடைகள் மட்டும் போகாமல் நின்றுவிட்டன. உலகத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருகிற இடம் உனக்கு நடை தூரத்தில் கிடைத்திருக்கிறது. சந்தில் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு விளக்கின் கீழே கறி அடுக்கியிருக்கும். கீழே கடையில் நிறுத்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனால், ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக்கூலி வாங்கிக்கொண்டு அடுப்பு, இலை, தொட்டுக்கொள்ள எல்லாம் வைத்துவிடுவார்கள். மாட்டுக்கறி தின்பது என்று நீ முடிவு செய்தால் முதல் தடவை அங்கே போ, உணவகத்துக்குப் போகாதே. அதே கறியை அலங்காரக் கடையில் தின்பதைவிடக் காசு நன்றாகவே மிஞ்சும். எந்தத் துண்டு என்ன என்று கண்ணால் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம்.

அங்கே ஒரு விஷயத்தில் ஏமாறாதே. ஹனு என்பது அவர்கள் நாட்டு மாடு, விலை அதிகம். 1++ என்று போட்டிருந்தால் முதல்தரம். கொழுப்பு சிவப்புக்குள்ளே கோடு கோடாக இழையோடியிருக்கும். உள்நாட்டுக் கறி என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் யுகு என்று இருந்தால் அது ஹனு அல்ல. பால்மாட்டு இனத்துக் காளையைக் கறிக்கென்று வளர்த்தது, விலை குறைவு. அதிலும் குற்றமில்லை, விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அமெரிக்கக் கறி, ஆஸ்திரேலியக் கறி என்பதையும் எழுதியே ஆக வேண்டும். கறி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உணவகத்தில் பலகை மாட்டுவது அங்கே சட்டம். பன்றி, கோழி, அரிசிக்கும், கிம்ச்சியில் போடும் முட்டைக்கோசுக்கும்கூட. நம் ஊர் பிரியாணிக் கடைகளுக்கும் இப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

ஒரு பங்கு என்று போட்டிருப்பதை நம்பி விலையைப் பார்க்காதே, கிராமைப் பார். சில கடையில் ஒரு பங்கு 150 கிராம், சில கடையில் 180, சில கடையில் 200. மலிவாகத் தெரிகிற கடை சமயத்தில் சின்னப் பங்குக் கடையாக இருக்கும். 2013-லிருந்து 100 கிராமுக்கு என்ன விலை என்று எழுத வேண்டும் என்று விதியே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படி. உனக்கு ஒரு அளவு தெரியட்டும்: சியோலில் 200 கிராம் சம்க்யொப்சால், அதாவது பன்றி வயிற்றுக்கறி, 2024-ல் சராசரியாக 20,000 வொன்னைத் தாண்டியது. நம் காசுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். ஆராய்ச்சி மாணவியின் சம்பளத்துக்கு இது வாராவாரச் சாப்பாடு இல்லை. மாதம் ஒரு முறை, நல்ல கடையாக, நல்ல ஆட்களோடு போவது நல்லது.

பன்றிக்கறி தின்பாய் என்றால் வாங்சிம்னியிலேயே பல்கலைக்கழக வாசலைச் சுற்றி மாணவர்கள் போகிற கடைகள் ஏராளம். பெயர் சொல்ல மாட்டேன். அவை வருவதும் மூடுவதுமாக இருக்கும். அடையாளம் சொல்கிறேன். கேஸ் அடுப்பா கரி அடுப்பா என்று பார். கரி அடுப்புக் கடை என்றால் வாசலருகே ஒருவர் தணலை வாளியில் சுமந்துகொண்டு போவார். சுவரில் நாலைந்து பண்டத்துக்கு மேல் எழுதியிருக்கக் கூடாது. வேலை முடிந்து வந்த நடுத்தர வயது ஆண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால் நல்ல கடை. தயங்காமல் உள்ளே போ. மியொங்தொங் மாதிரி சுற்றுலாக்காரர்கள் மொய்க்கிற தெருவில் ஆங்கிலத்தில் கூப்பிடுகிற கடையைத் தாண்டிப் போய்விடு.

உட்கார்ந்ததும் தடுமாறாதே. ஸ்டூலின் மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே கோட்டையும் பையையும் போட்டுக்கொள்ள இடம் இருக்கும். புகை வாடை ஏறாது. கரண்டியும் சாப்ஸ்டிக்கும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். கூப்பிட மேசையிலேயே மணி இருக்கும். கூட வருகிற சின்னச் சின்னத் தட்டு பதார்த்தங்களை, பன்சான் என்பார்கள், தீர்ந்தால் மறுபடி கேட்கலாம், காசில்லை. தடியான வயிற்றுக்கறித் துண்டை அடுப்பில் போட்டுவிட்டுப் புரட்டிக்கொண்டே இருக்காதே. ஒரு பக்கம் பொன்னிறமாகிற வரை விடு, திருப்பு, பாதி வெந்ததும் இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் விரல் அகலத்துக்கு நறுக்கு, பிறகு வெட்டின பக்கங்களையும் நிமிர்த்தி வைத்து வாட்டு. தட்டு ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். உருகின கொழுப்பு வழிந்து வருகிற தாழ்வான ஓரத்தில் கிம்ச்சியைப் போட்டு வை. அது அந்தக் கொழுப்பிலேயே வதங்கிச் சுருண்டு, புளிப்பு மட்டுப்பட்டு வரும்போது, கறியைவிட அதற்குத்தான் கை முந்தும். உள்ளங்கையில் ஒரு கீரை இலை, அதன்மேல் கேன்னிப் என்கிற வாசனை இலை, ஒரு துண்டு கறி, சாம்ஜாங் விழுது கொஞ்சம், சுட்ட பூண்டு ஒரு பல். மடித்து முழுசாக வாய்க்குள் போட வேண்டும். பாதி கடித்துப் பாதி வைத்தால் எல்லாம் மடியில் கொட்டும். கேன்னிப் வாசனை முதலில் உனக்குப் பிடிக்காமல் போகலாம். விடாதே. அந்த இலை இல்லாமல் எனக்கு இப்போதும் அந்தச் சாப்பாடு நிறைவதில்லை.

இடுக்கி யார் கையில் என்பதற்கும் முறை இருக்கிறது. வழக்கமாக வயதில் சின்னவர்கள் சுடுவார்கள். நீ கையை நீட்டி வாங்கிக்கொள். பேராசிரியர் தட்டில் முதல் துண்டை வை. பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால் கொடு, வாங்குவதும் அப்படியே. பெரியவர் சாப்ஸ்டிக்கை எடுக்கும் வரை காத்திரு. பந்தியில் பெரியவர்களை விட்டுவிட்டு நாம் இலையில் கை வைக்காமல் வளர்ந்தவர்கள்தானே, இது உனக்குச் சிரமமே இல்லை. சோஜு ஊற்றுவார்கள். குடிக்க விருப்பமில்லையென்றால் கோப்பையை மறைத்துக்கொண்டு சங்கடப்படாதே. "எனக்குச் சைடர்" என்று சொல். அங்கே சைடர் என்பது எலுமிச்சை சோடா. அதைக் கோப்பையில் ஊற்றி எல்லாரோடும் சேர்ந்து தூக்கினால் போதும். ஒரு முறை மறுத்த பிறகும் ஒருவர் வற்புறுத்திக்கொண்டே இருந்தால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எழுந்து வந்துவிட உனக்கு உரிமை உண்டு. மறுநாளே எனக்குப் போன் செய்.

கொஞ்சம் பழகிய பிறகு போக வேண்டிய இடங்கள் சில. சோங்னோ 3-கா நிலையத்துக்குப் பின்னால், இக்சொன்தொங் சந்துகளை ஒட்டி, கல்மேகிசால் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அது பன்றியின் உதரவிதானத் தசை. கொழுப்புக் குறைவு, மென்று தின்ன வேண்டும். வெயில் இறங்கியதும் மேசைகளை வெளியில் போட்டுவிடுவார்கள். சியோலில் வெளியே உட்கார்ந்து தின்ன அதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. அக்டோபர் மாலையாகப் பார்த்துப் போ, குளிர் அதிகமாகும் முன். ஹான் ஆற்றங்கரையில் மாபோ ஒரு காலத்தில் உப்பும் மீனும் இறங்கின துறை. இனிப்பும் சோயாவும் சேர்த்து ஊறவைத்த பன்றி விலாவுக்குப் பெயர் போனது. மேற்குச் சியோலில் 1953-லிருந்து நடக்கிற யொன்னாம் சொசிக்தாங் என்கிற கடையில் நாற்காலியே கிடையாது. கரியடுப்பு வைத்த டிரம்மைச் சுற்றி நின்றுகொண்டு மாட்டு விலா தின்ன வேண்டும். போருக்குப் பிறகு காசில்லாத காலத்தில் தொடங்கின கடை, அந்த வழக்கத்தை இன்றுவரை மாற்றவில்லை. பழைய வீட்டுச் சமையல் ருசியைத் தேடினால் ஊரேயோக் இருக்கிறது, 1946-ல் தொடங்கியது. நடுவில் மேடாக, சுற்றிச் சாறு தேங்குகிற தட்டில் புல்கோகி செய்வார்கள். விலை அதிகம். முதல் கட்டுரை வெளியானால் போ.

எவ்வளவு தின்றாலும் ஒரே காசு என்கிற கடைகளுக்கு உன் நண்பர்கள் இழுப்பார்கள். போகலாம், தப்பில்லை. உறைய வைத்த வெளிநாட்டுக் கறிதான் பெரும்பாலும் இருக்கும். தட்டில் மிச்சம் வைத்தால் தண்டனைக் காசு போடுகிற கடைகளும் அவற்றில் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக எடு.

உன் லேபில் உஸ்பெகிஸ்தான், பாகிஸ்தான், இந்தோனேசியாப் பிள்ளைகள் இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் கறிக்கடை ஓரத்தில் வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீ சும்மா இருக்காதே. இதெவோனில் 1976-ல் கட்டின பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கின்றன. அங்கே ஹலால் கொரியச் சாப்பாடும் கிடைக்கும். எல்லாரும் கோழி தின்பார்கள் என்றால் சுன்ச்சனுக்கு ஒரு ஞாயிறு ரயில் பிடித்துப் போகலாம். சோங்னியாங்னியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குப் பக்கம். தக்கல்பி அந்த ஊர்ப் பண்டம். இரும்புத் தட்டில் முட்டைக்கோசும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துக் காரமாக வதக்குவார்கள். கரியில் சுடுகிற கடையும் உண்டு, கேட்டுப் பார். கறியே வேண்டாம் என்கிறவர்களோடு போவதென்றால், ஜோகேசா கோயிலுக்கு எதிரே ஜோக்யே பௌத்த சங்கம் நடத்துகிற பல்ஊ கொங்யாங். பூண்டு, வெங்காயம்கூட இல்லாத துறவிகள் சமையல். அப்பத்தா அங்கே வந்தால் நிம்மதியாகச் சாப்பிடுவாள். யார் எங்கே தின்ன முடியும் என்று பார்த்து இடம் தேர்வு செய்கிறவளாக நீ இரு. லேபில் உன்னைச் சுற்றி ஆட்கள் தானாகச் சேர்வார்கள்.

விசா வேலையாகச் சென்னை போகும்போது ஒரு வேளை அங்கேயே கொரியச் சாப்பாட்டைப் பழகிக்கொண்டு போ. ஹூண்டாய் 1996-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. 2007-ல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. அந்தப் பொறியாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் சோறு போடத்தான் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையிலும் கொரியக் கடைகள் முளைத்தன. கோவையில் ராமென் விற்கிற கடைகளைவிட அவை வேறு. கம்பெனி பேட்ஜ் கழுத்தில் தொங்கக் கொரியர்களே வந்து தின்கிற கடையாகப் பார்த்துப் போ. கிம்ச்சியும் தொயென்ஜாங் வாடையும் அங்கேயே பழகிவிட்டால் முதல் ஹ்வேசிக்கில் முகம் சுளிக்காமல் இருப்பாய்.

அடுத்த வருடம் உங்கப்பா உன்னைப் பார்க்க வரத்தான் போகிறார், இப்போதே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். அவர் மாட்டையும் பன்றியையும் தொட மாட்டார். ஓரி கடைக்குக் கூட்டிப் போ. வாத்துக்கறியை மெலிசாக நறுக்கி அதே மாதிரி மேசையிலேயே சுடலாம். கடைசியில் மிச்சக் கொழுப்பில் சோற்றைப் போட்டு வறுத்துத் தருவார்கள், அதை அவர் விட மாட்டார். முட்டி வலிக்காரர், தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற கடை வேண்டாம், நாற்காலிக் கடையா என்று முன்கூட்டியே கேட்டுவிடு. அவருக்குப் பச்சை மிளகாய் கேட்டு வாங்கு, கொடுப்பார்கள். பில் கட்டுவது வாசல் கவுண்டரில்தான், டிப்ஸ் கிடையாது. கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துபோய் நீயே முன்னால் கட்டிவிடு. அவர் சட்டைப் பையில் கை விடும்போது முடிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை